மேட்டை விற்றாலும் பள்ளத்தை விற்காதீர்கள்

சென்னைப் பெருநகர எல்லைக்குள் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் கிராமங்களின் கிராம சபை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்களில் பாதிப் பேருக்கு நீங்கள் இப்போது சென்னைக்காரர்கள் என்ற சேதியே வந்திருக்காது. 2022 அக்டோபரில் ஓர் அறிவிப்பு வந்தது. அதுவரை 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதி, அன்றோடு 5,904 சதுர கிலோமீட்டர் ஆகிவிட்டது. ஏறக்குறைய ஐந்து மடங்கு. உங்கள் ஊரில் அன்றைக்கும் நாற்று நட்டிருப்பார்கள், மாடு மேய்ந்திருக்கும், ஏரிக்கரையில் யாராவது தூண்டில் போட்டிருப்பார்கள். ஒன்றும் மாறியிருக்காது. எங்கள் ஊரிலும் முதல் சில வருஷம் அப்படித்தான் இருந்தது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். தாம்பரத்துக்கு மேற்கே ஓர் ஊர். ஏரிக்குக் கீழே எங்கள் குடும்பத்துக்கு 72 சென்ட் நஞ்சை இருந்தது. 2004-இல் விற்றேன். ஆகவே நிலத்தை விற்காதீர்கள் என்று உங்களுக்கு உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை கிடையாது. தங்கை கல்யாணக் கடன் இருந்தது, நெல்லுக்குக் கிடைத்த விலை ஆள் கூலிக்கே பற்றவில்லை, அடுத்தவன் விற்றுவிட்டான், நானும் விற்றேன். எதை விற்றோம், எப்படி விற்றோம் என்று மட்டும் சொல்கிறேன். அதில்தான் நாங்கள் ஏமாந்தோம்.

புரோக்கர் முதலில் என்னிடம் வரவில்லை. மதகுக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருந்தவரிடம் போனார். அப்புறம் ரோட்டோரத்தில் இருந்தவரிடம். இரண்டு பேருக்கும் நல்ல விலை கொடுத்தார். ஊரே வாயைப் பிளந்தது. பத்திரம் முடிந்த மறுவாரம் மதகிலிருந்து வரும் வாய்க்காலை மண்ணைக் கொட்டி மூடினார்கள், ரோட்டிலிருந்து இறங்கும் வண்டிப்பாதைக்கு முள்வேலி போட்டார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட எங்களுக்குத் தண்ணீரும் இல்லை, டிராக்டர் இறங்க வழியும் இல்லை. ஒரு போகம் தரிசாகக் கிடந்தது. அதற்குப் பிறகுதான் அவர் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார், மதகோரத்துக்குக் கொடுத்ததில் பாதி விலையைச் சொன்னார். நானும் தலையாட்டினேன். அந்த வாய்க்கால் யார் பட்டாவிலும் இல்லை, அது புறம்போக்கு, அதை மூட அவருக்கு உரிமையே கிடையாது என்பது பதினோரு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. இத்தனைக்கும் சர்வே எண் போட்ட காகிதம் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில்தான் கிடந்தது. யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் நீங்கள் பார்த்த படம்தான். வெள்ளை அடித்த கல், கலர் கொடி, நுழைவாயிலில் ஒரு ஆர்ச். ஞாயிற்றுக்கிழமையானால் வேனில் ஆட்களைக் கூட்டிவந்து, மனையைக் காட்டி, கையில் பிரியாணிப் பொட்டலம் கொடுத்து அனுப்புவார்கள். ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்று போர்டு இருந்தது. மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது, அதெல்லாம் சி.எம்.டி.ஏ. என்கிற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், டி.டி.சி.பி. என்கிற நகர ஊரமைப்பு இயக்ககம் கையில் இருப்பது என்று வாங்கியவர்களுக்கும் தெரியாது, விற்ற எங்களுக்கும் தெரியாது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று சொன்னபோது அந்த ஜனங்கள் விழி பிதுங்கி நின்றார்கள். விற்கவும் முடியாது, பேங்கில் கடனும் கிடைக்காது. மறு வருஷம் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்து, பணம் கட்டச் சொல்லி, ஒரு வழியாக அது தீர்ந்தது. மனை முறைப்பட்டது. ஆனால் தண்ணீருக்கு வரன்முறை கிடையாதே.

2015 நவம்பர் நடுவில் ஒரு ராத்திரி. டிசம்பர் பெருவெள்ளத்துக்கு முந்தைய மழை அது. ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற கலங்கல் பக்கம் டார்ச் வெளிச்சம் தெரிகிறது என்று சொன்னார்கள், போய்ப் பார்த்தேன். நாலைந்து பேர் முழங்கால் தண்ணீரில் நின்று கடப்பாறையால் கலங்கல் கல்லைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரை அடையாளம் தெரிந்தது. நான் விற்ற நிலத்தில் வீடு கட்டியவர், தனியார் கம்பெனியில் வேலை, எப்போது பார்த்தாலும் வணக்கம் சொல்லுகிற மனுஷர். “என்ன சார் பண்றீங்க, இது ஏரி சார்” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, “வீட்டுக்குள்ள பாம்பு வந்துடுச்சுண்ணே. குழந்தை கட்டில் மேல உக்காந்திருக்கு. தண்ணி இந்தப் பக்கம் போனா எங்க வீடு தப்பிக்கும்” என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “உங்க நிலம்தானேண்ணே இது. பள்ளம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றார்.

அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. கல்லைப் பெயர்த்தார்கள். தண்ணீர் கீழூருக்குப் போனது. அங்கே யார் கட்டில் மேல் உட்கார்ந்திருந்தார்களோ. அந்தக் கலங்கல் இன்னும் இரண்டடி தாழ்ந்துதான் நிற்கிறது, ஆகவே எங்கள் ஏரி இப்போது ஒருபோதும் நிரம்புவதில்லை. கோடையில் அதே மனைக்காரர்கள் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிறார்கள்.

ஏரிக்கு ஆயக்கட்டுதான், அதாவது அதன் தண்ணீரில் விளைகிற வயல்தான் காவல். கீழே வயல் இருக்கிறவரை ஏரி நிரம்ப வேண்டும் என்று நூறு பேர் நினைப்பார்கள். மதகுக்கு ஒரு ஆள் இருப்பான், வரத்துக்கால் தூர்ந்தால் சண்டைக்கு நிற்பார்கள். வயல் மனையாகிவிட்டால் அதே இடத்தில் ஏரி நிரம்பவே கூடாது என்று நினைக்கும் நூறு பேர் குடியேறுகிறார்கள். கெட்டவர்கள் என்பதால் இல்லை, வீடு அங்கே இருப்பதால். ஏரி மாவட்டம் என்று பெயர் வாங்கிய செங்கல்பட்டுச் சீமையில் இருந்துகொண்டு இதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பழவந்தாங்கல் ஸ்டேஷனில் தினம் எத்தனை ஆயிரம் பேர் இறங்குகிறார்கள், தாங்கல் என்றால் சின்ன ஏரி, அந்தத் தாங்கல் எங்கே என்று ஒருவராவது கேட்டிருப்பார்களா? மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, பார்க்க லேக் இல்லை. வள்ளுவர் கோட்டமே ஏரி இருந்த இடம்தான். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் ஏதோ கொஞ்சம் மிஞ்சியது, 2022-இல் அதற்கு ராம்சர் என்கிற சர்வதேச ஈரநில அங்கீகாரம் வாங்கிக் கொடுத்தார்கள். மிஞ்சிய பிறகு கொடுக்கிற மரியாதை.

சரி, உங்கள் கையில் என்ன இருக்கிறது?

கிராம சபை இருக்கிறது. வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் தீர்மானம் போட்டால் நடந்துவிடுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பரந்தூர் விமான நிலையம் வேண்டாம் என்று ஏகனாபுரத்து ஜனங்கள் கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள். திட்டம் நின்றுவிடவில்லை. அரசாங்கமே ஒன்றைக் கட்டுவது என்று முடிவெடுத்து வந்தால் நம் தீர்மானத்தின் பலம் அவ்வளவுதான், உங்களிடம் பொய் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் மனைப்பிரிவு வேறு சமாசாரம். அங்கே நமக்கு எதிரில் இருப்பது அரசாங்கம் இல்லை. நம்முடைய கையெழுத்துக்காகத் திண்ணையில் காத்திருக்கிற புரோக்கர். அவர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் பார்ப்பார். அதனால்தான் ஊர் சேர்ந்து முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும் என்கிறேன்.

எதைப் பேசுவது? எந்த நிலம் போகலாம், எது போகக் கூடாது என்பதை. எல்லா ஊரிலும் மேட்டுப் புஞ்சை கொஞ்சம் இருக்கும், ரோட்டை ஒட்டி, மானாவாரியாக, வேர்க்கடலை போட்டால் உண்டு போடாவிட்டால் இல்லை என்கிற மாதிரி. விற்றுத்தான் ஆக வேண்டிய குடும்பம் அங்கே விற்கட்டும், வீடு வரட்டும். ஏரிக்குக் கீழ் நஞ்சை, வரத்துக்கால், போக்குக்கால், கலங்கலுக்கு வெளியே தண்ணீர் பரவுகிற தாழ்வு, மேய்க்கால், களம், இவற்றைத் தொடக் கூடாது. நிலம் முழுக்கப் பள்ளத்தில் இருக்கிறவனுக்கு இது அநியாயம்தான். மேட்டில் விற்கிறவர்கள் அவனுக்கு ஏதாவது பங்கு தர வேண்டும் என்பதையும் அதே கூட்டத்தில் பேசுங்கள். பேசாவிட்டால் அவன்தான் முதலில் விற்பான். அவன் இடத்தில் நான் இருந்தேன்.

தீர்மானம் எழுதும்போது “விவசாயத்தைக் காக்க வேண்டும் என்று இக்கூட்டம் கேட்டுக்கொள்கிறது” என்று எழுதாதீர்கள். அந்த வாக்கியம் எந்தக் கோப்பிலும் தூங்கும். சர்வே எண் வேண்டும். உட்பிரிவோடு வேண்டும். ‘அ’ பதிவேடு என்கிற ஊர் நிலக் கணக்கின் நகலும் எஃப்.எம்.பி. என்று சொல்கிற புல வரைபடமும் இப்போது அரசின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன, உங்கள் ஊரில் கல்லூரிக்குப் போகிற பிள்ளை ஒன்று பத்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்துவிடும். அதை வைத்துக்கொண்டு ஏரிக்கரை மேல் நடங்கள். கூடவே மதகு திறந்துவிட்ட கம்புகட்டி உயிரோடு இருந்தால் அவரையும் அழைத்துப் போங்கள். எந்த வாய்க்கால் எந்த வயலில் பிரிகிறது, 2015-இல் தண்ணீர் எதுவரை வந்தது என்பதெல்லாம் காகிதத்தில் இல்லை, அவர் வாயில்தான் இருக்கிறது. அவர் சொல்லுவதை வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் குறித்து, அதைத் தீர்மானத்தோடு இணைத்து, சி.எம்.டி.ஏ.வுக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் நீர்வளத் துறைக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அனுப்பினால் என்ன என்று நினைக்க வேண்டாம். எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்கிற சென்னையின் இரண்டாம் மாஸ்டர் பிளான் 2008-இல் வந்தது, 2026-ஐ இலக்காக வைத்துப் போட்டது. அடுத்தது 2046 வரைக்குமானது. மாமல்லபுரம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், மீஞ்சூர், திருமழிசை என்று புதுநகரங்களைப் பற்றியும் பேச்சு இருக்கிறது. இப்படி எந்தத் திட்டமானாலும் வரைவை வெளியிட்டு ஆட்சேபம் கேட்டாக வேண்டும் என்பது சட்டம். அந்தச் சமயத்தில் உங்கள் ஊரைப் பற்றிச் சர்வே எண் போட்ட ஒரு காகிதம் அவர்கள் மேஜையில் இருப்பதும் இல்லாததும் ஒன்றில்லை. பிளானில் ஒரு தடவை வயலுக்கான பச்சை நிறம் மாறி வீட்டுக்கான மஞ்சள் ஆகிவிட்டால் பிறகு இருபது வருஷம் அது மஞ்சள்தான். பச்சையாகவே இருந்தாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. நில உபயோக மாற்றம் கேட்டு விண்ணப்பம் போகும், செய்தித்தாளில் பொடி எழுத்தில் அறிவிப்பு வரும், கிராமப் பெயரும் சர்வே எண்ணும் இருக்கும். டீக்கடைக்கு வருகிற பேப்பரில் அந்தப் பக்கத்தைத்தான் வடை மடிக்கக் கிழிக்கிறோம். ஊருக்கு ஒருவராவது அதை வாசிக்கிற வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். 2008-இல் நெல்வயல், நீர்நிலம் பாதுகாப்புக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். அதில் எனக்குப் பிடித்தது, ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒரு கண்காணிப்புக் குழு. ஊராட்சித் தலைவர் தலைமை, வேளாண் அலுவலர், கிராம அலுவலர், கூடவே விவசாயிகள் மூன்று பேர். எது நெல்வயல் என்று பட்டியல் போடுவது அந்தக் குழுவின் வேலை. சொந்த வீடு கட்ட வேறு இடமே இல்லாத ஏழைக்கு ஊராட்சியில் பத்து சென்ட் வரை விலக்கு உண்டு, ஈவிரக்கமில்லாத சட்டம் இல்லை. பிறகு 2018-இல் பட்டியலில் இல்லாத நிலத்தைக் கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ளலாம் என்று தளர்த்தியும் விட்டார்கள், அதையும் சொல்லியாக வேண்டும். எந்த வயல் பட்டியலில் ஏறாமல் விட்டுப்போனதோ அதுதான் முதலில் போகும் என்று அதற்கு அர்த்தம். நம் மாநிலத்திலும் 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அது டெல்டாவுக்கு. ஹைட்ரோகார்பன் மாதிரியான திட்டங்களைத் தடுக்கிறது, மனைக்கல்லைத் தடுக்கவில்லை. நமக்கு வேண்டியது கேரளத்துக் குழு மாதிரி ஒன்று. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், கிராம சபையே ஏழு பேரைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கலாம். அதிகாரம் இருக்காது. ஆனால் வாய்க்காலில் மண் கொட்டுகிற அன்றைக்கே தாசில்தார் ஆபீசில் புகார் மனு போய்ச் சேரும், பதினோரு வருஷம் கழித்து இல்லை.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமான விஷயம். நிலம் கைமாறும்போது கட்டுகிற முத்திரைத் தீர்வையில் ஊராட்சிக்கும் ஒரு பங்கு வருகிறது. மனை விற்க விற்க வருமானம். பிறகு வீட்டு வரி. ஆகவே உங்கள் தலைவர் நல்லவராகவே இருந்தாலும் கணக்குப் புத்தகம் அவரை விற்கிற பக்கம்தான் இழுக்கும். இது தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது, திட்ட வேண்டியது இல்லை. அந்தப் பணத்தில் ஒரு பங்கு மதகு, கலங்கல், வரத்துக்கால் பராமரிப்புக்குத்தான் போக வேண்டும் என்று கேட்டால் அவராலும் மறுக்க முடியாது.

அனுமதி பெற்ற மனைப்பிரிவு வந்தால் அதிலும் ஊருக்குப் பாத்தியதை உண்டு. பரப்பு 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். இடம் என்பார்கள். எந்த மூலையைக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள், பெரும்பாலும் யாருக்கும் வேண்டாத மூலைதான். அந்த இடத்தை வாய்க்காலை ஒட்டிக் கேளுங்கள். மழைக்குத் தண்ணீர் நிற்க ஒரு இடமாவது மிஞ்சும். எங்கள் ஊரில் அந்த இடத்தில் இப்போது ஷெட் போட்டு டைல்ஸ் அடுக்கியிருக்கிறார்கள்.

விற்காமலே ஊரைக் கட்டலாமே என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சேதி. புனே பக்கத்தில் மகர்பட்டா என்று ஓர் இடம். நகரம் வந்து மோதியபோது அங்கே விவசாயக் குடும்பங்கள், நூற்றுக்கு மேல், தங்கள் நானூறு ஏக்கர் சொச்சத்தை ஒன்றாகச் சேர்த்து அவர்களே ஒரு கம்பெனி ஆரம்பித்து நகரத்தைக் கட்டினார்கள். நிலத்தின் அளவுக்கு ஏற்பப் பங்கு. பில்டருக்குப் போயிருக்க வேண்டிய லாபம் குடும்பங்களுக்கு வந்தது. எல்லா ஊருக்கும் இது பொருந்தாது, நம்மில் நாலு பங்காளி சேர்ந்து ஒரு பம்ப்செட்டைப் பொதுவில் ஓட்ட முடியாமல் கோர்ட்டுக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் தனித்தனியாக விற்பதைத் தவிர வேறு வழியே இல்லை என்று யாராவது சொன்னால் மகர்பட்டாவைச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் போல்டர் என்று ஓர் ஊர். 1967-இல் அங்கே ஜனங்கள் ஓட்டுப் போட்டு, தங்கள் தலையிலேயே ஒரு விற்பனை வரியைப் போட்டுக்கொண்டு, அந்தப் பணத்தில் ஊரைச் சுற்றியிருந்த நிலத்தை வாங்கிக் காலியாக வைத்தார்கள். நல்ல காரியம். கூடவே ஒன்று நடந்தது. உள்ளே வீட்டு விலை ஏறிவிட்டது, அங்கே வேலை பார்க்கிறவர்கள் வேறு ஊர்களில் குடியிருந்துகொண்டு தினம் காரில் வருகிறார்கள். ஓர் இடத்தில் அடைத்தால் இன்னோர் இடத்தில் பிதுங்குகிறது. இதனால்தான் மனை வாங்க வருகிறவரை எதிரியாகப் பார்க்க என்னால் முடியவில்லை. கடப்பாறையோடு நின்றாரே, அவர் மாம்பலத்தில் வாடகைக்கு இருந்தவர். உள்ளே அவர் சம்பளத்துக்கு ஒரு வீடு கிடைத்திருந்தால் என் நஞ்சைக்கு ஏன் வரப்போகிறார்? 2019-இல் கட்டட விதிகளை மாற்றியபோது நகரத்துக்குள் மனை அளவில் ஒன்றரை மடங்கு கட்டலாம் என்றிருந்ததை இரண்டு மடங்கு ஆக்கினார்கள். மெட்ரோ இரண்டாம் கட்டம் 119 கிலோமீட்டர் போகிறது. அந்த ஸ்டேஷன்களைச் சுற்றிச் சாதாரணச் சம்பளக்காரருக்கு வீடு கட்டுங்கள் என்று சி.எம்.டி.ஏ.வை நாமும்தான் கேட்க வேண்டும். கிராமத்தான் கேட்கிற கேள்வியா இது என்று சிரிப்பார்கள். நம் வயல் பிழைப்பது அதில்தான் இருக்கிறது. ஊருக்குள்ளும் அப்படியே. நத்தத்தில் இடிந்து கிடக்கிற வீடுகளை எடுத்துக் கட்டி, ஒரு மாடி ஏற்றினால் நம் பிள்ளைகளுக்கு வயலில் மனை பிரிக்க வேண்டியிராது.

கடைசியாக, அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது இரண்டு காரியம் செய்யுங்கள். போகிற வழியில் கலங்கலுக்குப் போய், இப்போது இருக்கிற உயரத்துக்குப் பக்கச் சுவரில் பெயின்டால் ஒரு கோடு போட்டு, தேதி எழுதி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அது எவ்வளவு உயரம் இருந்தது என்று எங்கள் ஊரில் யாராலும் நிரூபிக்க முடியவில்லை. அப்புறம் கூட்டத்தில் ஆள் கணக்கைப் பாருங்கள். ஐந்நூறு பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், பத்தாயிரத்துக்கு மேல் என்றால் 300 பேர் வந்திருக்க வேண்டும். வந்தவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தீர்மான நோட்டை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் 2003-இல் ஒரு நாள் வெற்றுப் பக்கத்தை நீட்டினார்கள், தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்கிறோம் என்றார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது, எல்லோருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம். பதினேழாவது கையெழுத்து என்னுடையது.

இப்படிக்கு,
ஏரிக்குக் கீழே 72 சென்ட் வைத்திருந்தவன்